கிராமபோன் தட்டு விற்ற கடையில் இருந்து ஏவி.எம். வரை: கேட்பவர் காதை நம்பி மீண்ட மெய்யப்பனின் கதை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போது செல்போனில் ஒரு பாட்டு போடுகிறோம். பிடிக்கவில்லை என்றால் விரலால் ஒரு தள்ளு, அடுத்த பாட்டு வந்துவிடும். நாம் தள்ளிவிட்டோம் என்ற தகவலும் பாட்டை ஓட்டும் செயலியில் பதிவாகிவிடும்.

தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இதற்கெல்லாம் வழியே இல்லை. பாட்டு ஜனங்களுக்குப் பிடித்ததா என்று தெரிய வேண்டுமானால் கடை கடையாக அலைய வேண்டும். அப்படி அலைந்து கற்றுக்கொண்ட பாடத்தை வைத்து, ரெண்டு தடவை விழுந்த தொழிலைத் தூக்கி நிறுத்தியவர்தான் ஏ.வி. மெய்யப்ப செட்டியார். சினிமாவில் ஏவி.எம். என்ற மூன்று எழுத்தை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் ஒரு இசைத்தட்டு வியாபாரி என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்த மெய்யப்பன்?

1907 ஜூலை 28-ம் தேதி காரைக்குடியில் பிறந்தவர். அப்பா ஆவிச்சி செட்டியார் அங்கே ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடை வைத்திருந்தார். பலசரக்கோடு கிராமபோன் தட்டுகளும் அங்கே விற்பனையாகும். சின்ன வயதிலேயே மெய்யப்பன் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ எங்கேயோ பதிவு செய்து அனுப்பும் தட்டை விற்பதை விட, நாமே பதிவு செய்து வெளியிட்டால் என்ன என்ற யோசனை அவருக்கு வந்தது. நண்பர்கள் சிலரோடு கூட்டு சேர்ந்து சென்னைக்குப் போனார். மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் உருவானது. ஓடியன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பெயரில் வந்த தட்டுகளை தென்னிந்தியாவில் விற்றதும், அதற்கான பாட்டுகளைத் தேடிப் பதிவு செய்ததும் இந்தக் கடைதான். எதிரே இருந்தது எச்.எம்.வி. என்ற பெரிய மலை. அதற்கு முன்னால் இது ஒரு சின்னக் கடை.

தட்டு வியாபாரம் எப்படி நடந்தது?

அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. கீழே விழுந்தால் உடைந்துபோகும். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷப் பாட்டுதான் அடங்கும். கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, முள் மாற்றி ஓட்ட வேண்டும். ஊரில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்.

இதில் வியாபாரிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஜனங்களுக்குப் பிடிக்காத தட்டு அலமாரியிலேயே கிடக்கும், போட்ட முதலும் அதோடு கிடக்கும். எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள், எதைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று கல்லாவில் உட்கார்ந்தவன் கவனித்தே ஆக வேண்டும். சர்வே, ரேட்டிங் எதுவும் இல்லாத காலத்தில் கடைக்கு வரும் வாடிக்கையாளரின் முகம்தான் சர்வே. மெய்யப்பன் தொழில் படித்தது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

சினிமாவில் அடி மேல் அடி

1931-ல் தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. பேசியதை விடப் பாடியதுதான் அதிகம். அப்படியானால் பாட்டு விற்பவருக்கு சினிமா பக்கத்து வீடு மாதிரிதானே? மெய்யப்பனும் இறங்கினார். 1935-ல் கல்கத்தாவில் வைத்து எடுத்த அல்லி அர்ஜுனா ஓடவில்லை. அடுத்து எடுத்த ரத்னாவளியும் கைகொடுக்கவில்லை.

ரெண்டு படமும் படுத்த பிறகு பெரும்பாலானவர்கள் ஊருக்கு ரயில் ஏறியிருப்பார்கள். அவர் கூட்டாளியை மாற்றினார், கூடவே வேலை செய்யும் முறையையும் மாற்றினார். பெங்களூரைச் சேர்ந்த தியேட்டர் உரிமையாளரோடு சேர்ந்து பிரகதி பிக்சர்ஸ் பெயரில் 1938-ல் நந்தகுமார் படத்தைக் கொண்டுவந்தார். கண்ணன் வேஷத்தில் அறிமுகமான சிறுவன் டி.ஆர். மகாலிங்கம்.

அதன் பிறகு ஒரு பழக்கம் தெரிகிறது. ஜனங்கள் ஏற்கெனவே கைதட்டிய சரக்கைத்தான் அவர் கையில் எடுத்தார். 1941-ல் வந்த சபாபதி, பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். கன்னடத்தில் வந்த ஹரிச்சந்திராவை 1944-ல் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார். ஒரு மொழிப் படத்துக்கு இன்னொரு மொழியில் குரல் கொடுப்பது அன்றைக்குப் புதுசு.

முகம் ஒருவர், குரல் இன்னொருவர்

இன்றைக்குப் பின்னணிப் பாட்டு சாதாரண விஷயம். அன்றைக்கு அப்படி இல்லை. கேமரா ஓடும்போதே நடிகர்கள் சொந்தக் குரலில் பாட வேண்டும். நடிக்கத் தெரிந்தும் பாட வராவிட்டால் வேஷம் கிடைக்காது.

நந்தகுமார் படத்தில் தேவகியாக நடித்தவரின் பாட்டு மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. லலிதா வெங்கடராமன் என்பவரைப் பாட வைத்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாட்டுக்கு முதல் படி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இதை விடப் பெரிய சோதனை 1945-ல் ஸ்ரீவள்ளியில் வந்தது. முருகனாக மகாலிங்கம், வள்ளியாகக் குமாரி ருக்மணி. இந்த இடத்தில் சங்கரன்கோவில்காரர்களுக்கு ஒரு பக்கத்து ஊர்க்காரரை ஞாபகப்படுத்த வேண்டும். செங்கோட்டை கிட்டப்பா. வள்ளி திருமணம் நாடகத்தில் உச்சஸ்தாயியில் பாடித் தென்மாவட்டங்களையே கட்டிப்போட்டவர். 1933-ல் 27 வயதிலேயே இறந்துபோனார். ஆனால் அவர் குரல் தட்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கிட்டப்பா பாணியை அப்படியே தொண்டையில் வைத்திருந்தவர் மகாலிங்கம்.

அதுதான் பிரச்சினையாகவும் ஆனது. மகாலிங்கத்தின் குரல் கோபுர உயரத்தில் நின்றது. பக்கத்தில் ருக்மணியின் பாட்டு எடுபடவில்லை. படம் எடுத்து முடித்தாகிவிட்டது. வேறு முதலாளியாக இருந்தால் ஆனது ஆகட்டும் என்று விட்டிருப்பார். மெய்யப்பன் பி.ஏ. பெரியநாயகியைக் கூப்பிட்டு வள்ளியின் பாட்டுகளை மறுபடியும் பாட வைத்தார். ருக்மணியின் வாயசைப்புக்கு அந்தக் குரலைப் பொருத்தினார். படம் பெரிய வெற்றி.

கேட்பவர் பக்கம் நின்று எடுத்த முடிவுதான் இது. ஆனால் ஒருவர் பாடிய பாட்டு அவருக்கே இல்லாமல் போனதும் இதே முடிவால்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காரைக்குடிக் கொட்டகையும் பாரதி பாட்டும்

அதே 1945-ல் அக்டோபர் 14-ம் தேதி ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் பிறந்தது. போர் முடிந்த நேரம். சென்னையில் ஸ்டுடியோ கட்ட வசதிப்படவில்லை. சொந்த மண்ணான காரைக்குடியிலேயே கொட்டகை போட்டு ஸ்டுடியோ ஆக்கினார்.

அங்கே எடுத்த நாம் இருவர் படமும் மேடையில் ஜெயித்த நாடகம்தான். எழுதியவர் பி. நீலகண்டன். 1947 ஜனவரியில், சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு படம் வெளியானது. ஆர். சுதர்சனம் இசையில் பாரதியார் பாட்டுகள் இடம்பெற்றன. கர்நாடக இசை மேடையில் புகழ்பெற்றிருந்த டி.கே. பட்டம்மாள் பாடினார், குமாரி கமலா ஆடினார். தியேட்டரில் கேட்ட பாட்டை ஜனங்கள் தட்டாகவும் தேடி வாங்கினார்கள். தட்டும் படமும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் கதை திரும்புகிறது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே எட்டயபுரம் பாரதி பிறந்த ஊர். தெற்கே கடையம் அவர் மனைவி செல்லம்மாளின் ஊர். 1921-ல் பாரதி இறந்த பிறகு அவர் எழுத்தின் உரிமை பல கை மாறியது. பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஜெசிங்லால் மேத்தா என்ற வணிகரிடம் போயிருந்தது. 1946-ல் மெய்யப்பன் அதைப் பணம் கொடுத்து வாங்கினார். சட்டப்படி பார்த்தால் அதில் தப்பு எதுவும் இல்லை.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றது. உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். தரப்பில் இருந்து ஆட்சேபம் எழுந்தது. உடனே எழுத்தாளர்களும் அரசியல் தலைவர்களும் பத்திரிகைகளும் பொங்கினார்கள். பாரதி பாட்டு தனி ஒருவரின் சொத்தாக எப்படி இருக்க முடியும், நாட்டுக்கே பொதுவாக்கு என்ற கோரிக்கை தமிழ்நாடு முழுக்கக் கிளம்பியது.

அத்தனை வருஷமும் மெய்யப்பனுக்குக் கிடைத்த கருத்து, எந்தப் பாட்டு பிடிக்கிறது, எந்தக் குரல் பிடிக்கவில்லை என்பதுதான். இந்தத் தடவை கேட்பவர்கள் சொன்னது வேறு. இது எங்கள் பாட்டு, இதற்கு ஒரு முதலாளி வேண்டாம் என்றார்கள்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற முடிவெடுத்தது. மெய்யப்பன் தன்னிடம் இருந்த உரிமையை விலை வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு அரசு அந்த எழுத்தைப் பொதுமக்களுக்கே உரியதாக்கியது. பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாரதி பாட்டுக்கு ஆடுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

அவரிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

1948-ல் ஸ்டுடியோ சென்னை வடபழனிக்கு வந்தது. அடுத்த வருஷம் வாழ்க்கை படத்தில் வைஜயந்திமாலா அறிமுகமானார். 1952-ல் பராசக்தி வந்தது. 1979 ஆகஸ்ட் 12-ம் தேதி மெய்யப்பன் மறைந்தார். அரக்குத் தட்டுகளின் காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

ஒரு செல்போனும் மைக்கும் இருந்தால் இன்றைக்குச் சங்கரன்கோவிலில் உட்கார்ந்தே ஒரு இசை லேபிள் தொடங்கிவிடலாம். எத்தனை பேர் கேட்டார்கள், எந்த நொடியில் நிறுத்தினார்கள் என்ற கணக்கும் கைக்கே வரும். ஆனால் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பது வேறு, கேட்பவர் சொல்வதைக் காதில் வாங்குவது வேறு. பிடிக்காததை மாற்றத் தயாராக இருந்ததால் மெய்யப்பனின் தொழில் பிழைத்தது. லாபம் தரும் ஒரு சொத்தை ஜனங்கள் கேட்டபோது அதையும் கொடுத்துவிட்டார்.