கணக்குப்பிள்ளையைக் கொன்ற பிரபு

1760-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி, திங்கட்கிழமை. காலை 9 மணிக்கு லண்டன் கோட்டையில் இருந்து ஒரு சாரட்டு வண்டி புறப்பட்டது. ஆறு குதிரைகள் பூட்டியிருந்தன. உள்ளே இருந்தவர் வெள்ளிச் சரிகை வேலை செய்த வெள்ளை உடுப்பு அணிந்திருந்தார். அது அவருடைய கல்யாண உடுப்பு என்று ஊரெல்லாம் பேச்சு.

விஷயம் தெரியாதவர்கள் பார்த்தால் மாப்பிள்ளை ஊர்வலம் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த வண்டி போய்ச் சேர வேண்டிய இடம் டைபர்ன். லண்டன் நகரின் தூக்குமேடை நின்ற இடம் அதுதான்.

வண்டியில் இருந்தவர் லாரன்ஸ் ஷர்லி. நான்காவது பெரர்ஸ் பிரபு என்பது அவருடைய பட்டம். தம்முடைய பண்ணைக் கணக்குகளைப் பார்த்து வந்த ஜான்சன் என்ற காரியஸ்தரைச் சுட்டுக் கொன்றதற்காக அவரைத் தூக்கிலிடக் கொண்டு போனார்கள். இங்கிலாந்தில் தூக்குக் கயிற்றில் உயிர்விட்ட கடைசிப் பிரபு அவர்தான்.

பட்டமும் சொத்தும்

லாரன்ஸ் ஷர்லி 1720-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1745-ல் பெரியப்பன் வழியில் பிரபு பட்டமும், லெஸ்டர்ஷயர், டெர்பிஷயர், நார்தாம்ப்டன்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பெரும் நிலபுலன்களும் அவருக்கு வந்து சேர்ந்தன. பட்டத்தைவிட்டுப் போன அந்தப் பெரியவர் புத்தி பேதலித்து, அடைத்து வைக்கப்பட்டிருந்தவர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நீதிமன்றத்தில் இந்தப் பேச்சு வரும்.

லெஸ்டர்ஷயரில் ஸ்டான்டன் ஹெரால்டு என்ற ஊரில் அவருடைய மாளிகை. நிதானத்தில் இருக்கும்போது பிரபு படித்தவர், பேச்சில் கெட்டிக்காரர். குடித்துவிட்டால் வேறு மனிதர். வேலைக்காரர்கள் அவர் நிழலைக் கண்டாலே நடுங்கினார்கள்.

1752-ல் மேரி மெரிடித் என்ற பெண்ணை மணந்தார். அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. அடி, உதை, துப்பாக்கியைக் காட்டி மிரட்டல் என்று வாழ்க்கை நரகமாகிவிட்டது. கணவனை விட்டுப் பிரிய மனைவிக்குச் சுலபமான வழி எதுவும் இல்லாத காலம் அது. கடைசியில் 1758-ல் பாராளுமன்றமே இந்த ஒரு தம்பதிக்காகத் தனிச் சட்டம் போட்டு இருவரையும் பிரித்து வைத்தது.

ஜீவனாம்சம் பிரபுவின் நிலங்களில் இருந்து வர வேண்டும். எனவே சொத்து தர்மகர்த்தாக்களின் பொறுப்புக்குப் போயிற்று. குத்தகைப் பணத்தை வசூலித்துக் கணக்கு வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

நேர்மையே பகையானது

அந்த வேலைக்கு வந்தவர்தான் ஜான்சன். சிறு வயதில் இருந்தே ஷர்லி குடும்பத்தில் ஊழியம் பார்த்தவர். கணக்கைச் சுத்தமாக எழுதுகிறவர் என்று பெயர் எடுத்தவர். பிரபுவும் அந்த நியமனத்துக்குச் சம்மதித்தார். பழைய வேலைக்காரன்தானே, நாம் சொன்னபடி கேட்பான் என்பது அவர் எண்ணம்.

ஜான்சன் கேட்கவில்லை. பாராளுமன்றச் சட்டம் என்ன சொன்னதோ அதன்படி வசூலித்தார். அதன்படி பட்டுவாடா செய்தார். பிரபுவுக்கு இது பொறுக்கவில்லை. தர்மகர்த்தாக்களோடு சேர்ந்து தமக்கு விரோதமாக வேலை செய்கிறான் என்று சந்தேகப்பட்டார். தமக்குத் தெரியாமல் மனைவிக்கு 50 பவுன் கொடுத்துவிட்டான் என்று கொதித்தார். ஜான்சன் பயிரிட்டு வந்த நிலத்தைப் பிடுங்கப் பார்த்தார். குத்தகைப் பத்திரத்தைத் தர்மகர்த்தாக்கள் முறையாக எழுதிக் கொடுத்திருந்ததால் அதுவும் பலிக்கவில்லை.

அதற்குப் பிறகு பிரபு கோபத்தை மறைத்துக்கொண்டார். ஜான்சனிடம் சிரித்துப் பேசினார். கணக்கு பார்க்க வேண்டும், 18-ந் தேதி மாளிகைக்கு வா என்று நாள் குறித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை

1760-ம் ஆண்டு ஜனவரி மாதம் 18-ந் தேதி, வெள்ளிக்கிழமை. பிரபு ஆண் வேலைக்காரர்களை ஆளுக்கொரு வேலை சொல்லி வெளியே அனுப்பினார். தம்மோடு வாழ்ந்து வந்த கிளிபோர்டு அம்மாளையும் நான்கு பெண் குழந்தைகளையும் அந்த அம்மாளின் தகப்பனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாளிகையில் மிஞ்சியவர்கள் மூன்று வேலைக்காரப் பெண்கள் மட்டுமே.

பிற்பகல் 3 மணிக்கு ஜான்சன் வந்தார். சிறிது நேரம் காக்க வைத்துவிட்டுப் பிரபு அவரைத் தம் அறைக்குள் அழைத்துக் கதவைப் பூட்டினார். தான் அயோக்கியன் என்று ஒப்புக்கொள்ளும் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஜான்சன் மறுத்தார். மண்டியிடச் சொன்னார். அந்த மனிதர் மண்டியிட்டார். துப்பாக்கி வெடித்தது.

ஜான்சன் உடனே சாகவில்லை. ஆஷ்பி என்ற பக்கத்து ஊரில் இருந்து கிர்க்லண்டு என்ற வைத்தியர் வந்தார். ஜான்சனின் மகளும் வந்தாள். பிரபு ஒரு சமயம் காயத்தைப் பற்றிக் கவலையாக விசாரித்தார். குடித்த பிறகு, படுக்கையில் கிடந்தவரைத் திட்டினார், மறுபடியும் சுடுவேன் என்று மிரட்டினார். பிரபு போதையில் தூங்கிய பிறகு, நள்ளிரவுக்கு மேல், வைத்தியர் ஆட்களை வைத்து ஜான்சனை அவர் வீட்டுக்குத் தூக்கிச் சென்றார். மறுநாள் காலை ஜான்சன் இறந்தார்.

பொழுது விடிந்ததும் ஊரார் மாளிகையைச் சூழ்ந்தார்கள். பிரபு கையில் துப்பாக்கிகளும் குத்துவாளும் இருந்தன. நெருங்க எல்லாருக்கும் பயம். கடைசியில் கர்ட்டிஸ் என்ற நிலக்கரித் தொழிலாளி நேரே நடந்துபோய் அவரைப் பிடித்தான். மூன்று மாவட்ட நிலத்துக்குச் சொந்தக்காரரைக் கைது செய்தது ஒரு சுரங்கக் கூலியின் கை.

பைத்தியமா, பாதகமா?

பிரபு பட்டம் உள்ளவர்களைச் சாதாரண நீதிமன்றம் விசாரிக்க முடியாது. பிரபுக்கள்தான் விசாரிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். (இந்தச் சலுகை 1948-ல்தான் ஒழிந்தது.) ஏப்ரல் 16-ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. ஹென்லி பிரபு தலைமை வகித்தார்.

எதிரியின் வாதம், சித்த சுவாதீனம் இல்லாமல் செய்துவிட்டேன் என்பது. ஆனால் சட்ட நுணுக்கம் தவிர மற்ற விஷயங்களில் வக்கீல் அவருக்காகப் பேச முடியாது. எனவே தமக்குப் பைத்தியம் என்பதை நிரூபிக்கப் பிரபுவே எழுந்து சாட்சிகளைக் கேள்வி கேட்டார். அவருடைய சகோதரர்கள் இருவர், குடும்பத்தில் உள்ள மனநோயைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். பெத்லகேம் மனநோய் மருத்துவமனையின் டாக்டர் ஜான் மன்றோவும் கூண்டில் ஏறினார். இங்கிலாந்தில் கொலை வழக்கு ஒன்றில் மனநோய் மருத்துவர் சாட்சி சொன்ன முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

பிரபு கேட்ட கேள்விகளின் தெளிவே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நாள் குறித்தது, வீட்டை ஆளில்லாமல் செய்தது, கதவைப் பூட்டியது எல்லாம் திட்டமிட்ட செயல்கள் என்று அரசு வக்கீல்கள் வாதாடினார்கள். பிரபுக்கள் ஒருவர் விடாமல் எழுந்து குற்றவாளி என்றார்கள். பைத்தியம் என்ற வாதம் தமக்கே பிடிக்கவில்லை, குடும்பத்தாரின் வற்புறுத்தலுக்காகத்தான் சொன்னேன் என்று பெரர்ஸ் பிறகு சபையில் தெரிவித்தார்.

தீர்ப்பு: தூக்கு. அதற்குப் பின் உடலை அறுவை வைத்தியர்களிடம் ஒப்படைக்க வேண்டும். கொலைகாரர்கள் எல்லாருக்கும் 1752 முதல் இதே சட்டம்தான். கோட்டைக்குள் தலையை வெட்டிக் கொல்லுங்கள், அதுதான் என் குலத்துக்குத் தகுதி என்று பிரபு மனுச் செய்தார். மன்னர் இரண்டாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார்.

அச்சுக்கூடங்களுக்கு அறுவடை

அந்த நாளில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் தூக்குத் தண்டனை என்றால் அச்சுக்கூடங்களுக்கு அறுவடைக் காலம். நம் ஊர்ச் சந்தைகளில் விற்ற கொலைச் சிந்து போல, லண்டனிலும் டப்ளினிலும் தூக்குக் கைதியின் மரண வாக்குமூலம் என்று ஒற்றைத்தாள் நோட்டீசுகளைச் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். கைதி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் கடைசிப் பேச்சு அச்சாகி, தூக்குமேடைக்கு அடியிலேயே விலை போவதும் உண்டு. பல கைதிகளுக்கு ஒரே மரக்கட்டைப் படம்தான். நியூகேட் சிறைப் பாதிரியாரே கைதிகளின் கதையை அச்சிட்டு விற்றுப் பணம் சம்பாதித்தார்.

கதையும் பெரும்பாலும் ஒரே அச்சு. நல்ல பெற்றோர், கெட்ட சகவாசம், குடி, களவு, கொலை, பிறகு கண்ணீர், மன்னிப்பு. செத்தவர்களோ பெரும்பாலும் ஏழைகள். ஆட்டைத் திருடினாலும் தூக்கு என்றிருந்த காலம் அது.

பெரர்ஸ் பிரபுவின் கதை அந்த அச்சில் அடங்கவில்லை. அதனால் இன்னும் நன்றாக விற்றது. விசாரணை முழுவதும் பிரபுக்கள் சபையின் உத்தரவுப்படி புத்தகமாக வந்தது. தூக்குமேடைக் காட்சியும், சவப்பெட்டியில் கிடந்த பிரபுவின் உருவமும் படங்களாக வந்தன. சாரட்டில் அவரோடு கூடப் போன ஷெரீப் பால் வைலண்டு தொழிலால் புத்தக வியாபாரி!

பட்டுக் கயிறு

கோட்டையில் இருந்து டைபர்ன் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு கூட்டம். ஒரு பிரபு தூக்கில் தொங்குவதை இவர்கள் பார்த்ததில்லை, அதனால்தான் இத்தனை கும்பல் என்று பெரர்ஸ் ஷெரீபிடம் சொன்னாராம்.

மேடைக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. ஏழைக் கைதியை மாட்டு வண்டி போன்ற கட்டை வண்டியில் நிறுத்தி, வண்டியை நகர்த்திவிடுவது வழக்கம். இவருக்காக, நிற்கிற பலகை கீழே இறங்கும்படி புது மேடை கட்டியிருந்தார்கள். தூக்குப் போடுகிறவனுக்குக் கொடுக்க வேண்டிய ஐந்து கினியைப் பிரபு தவறுதலாக அவன் உதவியாளனிடம் கொடுத்துவிட, இருவருக்கும் மேடையிலேயே சண்டை மூண்டது. பலகை இறங்கியது. சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்தது.

கைகளைக் கட்டியது கறுப்புப் பட்டுத் துணி. கழுத்தில் விழுந்தது சாதாரணக் கயிறு. ஆனால் பிரபுவைப் பட்டுக் கயிற்றில் தூக்கிலிட்டார்கள் என்ற கதைதான் ஊரெங்கும் பரவியது. இன்றும் அதை நம்புகிறவர்கள் உண்டு.

உடலை அறுவை வைத்தியர் மண்டபத்துக்குக் கொண்டு போய்க் கத்தி வைத்தார்கள். மூன்று நாள் ஜனங்கள் பார்வைக்கு வைத்தார்கள். பிறகு செயின்ட் பாங்கிராஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள். 1782-ல் அங்கிருந்து எடுத்துச் சொந்த ஊரான ஸ்டான்டன் ஹெரால்டில் அடக்கம் செய்தார்கள். பிரிட்டனில் பகிரங்கத் தூக்கு 1868-ல் நின்றது. கொலைக்கு மரண தண்டனையே 1965-ல் நிறுத்தப்பட்டது.

யாருக்குப் புகழ்?

ஏழைக்கும் பிரபுவுக்கும் சட்டம் ஒன்றே என்பதற்கு இந்த வழக்கை ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் உதாரணம் காட்டினார்கள். அதில் உண்மை இருக்கிறது. தண்டனை ஒன்றுதான். ஆனால் சாரட்டும், கறுப்புத் துணியும், புது மேடையும் ஏழைக் கைதிக்குக் கிடைத்ததில்லை.

அச்சுத் தாள்களும் அப்படித்தான் செய்தன. பிரபுவின் உடுப்புக்கும் குதிரைகளுக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தன. பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துச் செத்த ஜான்சனுக்குக் கிடைத்தவை, கொலை நடந்த நாளைப் பற்றிய சில வரிகள்தான். அந்த மனிதர் எத்தனை வருஷம் அந்தக் குடும்பத்துக்குக் கணக்கு எழுதினார், வீட்டில் யார் யாரை விட்டுப் போனார் என்று எழுத ஒரு நோட்டீசுக்காரனும் முனையவில்லை.

கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கிப் பிழைக்கிற நாமாவது, பெரர்ஸ் பிரபுவின் பெயர் வரும் இடத்தில் ஜான்சன் பெயரையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வோம்.