உள்ளதை உள்ளபடி தீட்டியவர்

நூலகத்தில் ஓவிய நூலொன்றைப் புரட்டினேன். 1886-ஆம் ஆண்டுப் படம் ஒன்று என் கண்ணைக் கட்டி நிறுத்தியது. வட்டத் தொட்டியில் குந்தியிருக்கும் ஒரு பெண் ஒரு கையை ஊன்றி, மறு கையால் பிடரியைத் தேய்க்கிறாள். அவள் முகம் நமக்குத் தெரியவில்லை.

தீட்டியவர் எட்கார் தெகா. 1834-இல் பாரிஸ் நகரில் வங்கியாளர் மகனாகப் பிறந்தவர். சட்டப் படிப்பை விட்டு ஓவியம் பயின்றார். 1874-இல் தந்தை மறைந்தார். தம்பியின் கடனுக்காக வீட்டை விற்ற தெகா, படம் விற்றே வாழ வேண்டியதாயிற்று. பார்வையும் மங்கி வந்தது. நிறப்பொடியில் சிறிது பசை சேர்த்துச் செய்யும் பாஸ்டல் வண்ணக்கோல் அவருக்குத் துணையாயிற்று. எண்ணெய் வண்ணம்போல் உலரக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடும் நிறமும் ஒரே இழுப்பில் அமைந்துவிடும்.

நீராடும் பெண்ணைத் தேவதையாகத் தீட்டுவதே அந்நாள் வழக்கம். தெகாவோ குளிப்பவளையும் துவட்டுபவளையும் தலை வாருபவளையும் உள்ளபடியே தீட்டினார். சிலர் முகம் சுளித்தனர். அவர் மாறவில்லை. 1917-இல் மறைந்தார்.

நண்பர்களே, எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். கலை என்பது பெரிய இடத்துச் சங்கதி என்றே எண்ணியிருந்தேன். அன்று மாலை, வேலை முடிந்து வந்து திண்ணையில் தலைவாரிக்கொண்டிருந்த அம்மாவை முதன்முறையாக நின்று பார்த்தேன்.