எண்ணும் கோடும்

பிரான்சு நாட்டின் லா ஹே என்னும் சிற்றூரில் 1596ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ரெனே டெக்கார்ட் பிறந்தார். ஓராண்டு நிறைந்த சில வாரங்களிலேயே தாயை இழந்தார். நலிந்த உடலினராகிய அவர், லா பிளேஷ் நகரின் இயேசு சபைக் கல்லூரியில் பயின்றபோது, காலையில் நெடுநேரம் படுக்கையிலேயே இருக்க இசைவு பெற்றிருந்தார். படுத்தபடியே சிந்திக்கும் அவ்வழக்கம் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. கற்ற பாடங்களுள் கணிதமே ஐயத்திற்கு இடந்தராததாக அவருக்குத் தோன்றியது.

1616இல் சட்டப் பட்டம் பெற்ற டெக்கார்ட், 1618இல் டச்சுப் படையில் சேர்ந்தார். அங்கே பிரெடா நகரில் ஐசக் பீக்மன் என்னும் அறிஞரின் நட்பு வாய்த்தது. அந்நட்பு அவருடைய கணித வேட்கையை மீண்டும் தூண்டியது.

அக்காலத்தில் இயற்கணிதமும் வடிவியலும் வெவ்வேறு துறைகளாகவே விளங்கின. இரு நீளங்களைப் பெருக்கினால் பரப்பும், மூன்றைப் பெருக்கினால் கன அளவும் கிடைக்கும் என்றே அறிஞர்கள் கருதினர். நான்கைப் பெருக்கினால் கிடைப்பதற்கு வடிவம் காண இயலாது தயங்கினர். டெக்கார்ட் ஒரு நீளத்தை அலகாகக் கொண்டு, இரு நீளங்களின் பெருக்கற்பலனும் ஒரு நீளமே என வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு நிறுவினார். தடை நீங்கியது. வளைவரையின் ஒவ்வொரு புள்ளியையும் இரு நீளங்களால் குறித்து, அவற்றின் தொடர்பைச் சமன்பாடாக எழுதினார்.

இன்றைய முறையில் ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குத்தளவு, கிடையளவின் இருமடங்கைவிட ஒன்று மிகுதி எனக் கொள்வோம். கிடையளவு 0, 1, 2 எனில், குத்தளவு முறையே 1, 3, 5 ஆகும். அப்புள்ளிகளை இணைத்தால் ஒரு நேர்க்கோடு கிடைக்கிறது. சமன்பாடு கண்ணுக்குப் புலனாகும் வடிவம் பெறுகிறது.

1628ஆம் ஆண்டின் இறுதியில் டெக்கார்ட் நெதர்லாந்தில் குடியேறினார். பூமி இயங்குகிறது என்னும் கருத்தைத் தழுவி உலகம் பற்றிய நூலொன்றை எழுதி முடிக்கும் வேளையில், 1633இல் கலிலியோ தண்டிக்கப்பட்ட செய்தி எட்டியது. நூலை வெளியிடாது நிறுத்திக்கொண்டார். எனினும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடவில்லை. 1637இல் லெய்டன் நகரில் தம் பெயரைக் குறிக்காமலேயே வேறொரு நூலை வெளியிட்டார். அதன் இணைப்பாக அமைந்த மூன்று கட்டுரைகளுள் ஒன்றே வடிவியல். தெரியாத அளவுகளை இலத்தீன் நெடுங்கணக்கின் இறுதி எழுத்துகளால் குறிக்கும் வழக்கம் அதனால் நிலைபெற்றது. பிரான்சின் பியேர் டி பெர்மாவும் இதே வழியைத் தனித்துக் கண்டறிந்திருந்தார். நாம் இன்று வரையும் செங்குத்தான இரு அச்சுகள் பின்வந்தோரால் செம்மையுற்றவை.

1640இல் ஐந்து வயது மகள் பிரான்சீன் இறந்தது அவரைப் பெருந்துயரில் ஆழ்த்தியது. 1649இல் சுவீடன் அரசி கிறிஸ்டினாவின் அழைப்பை ஏற்று ஸ்டாக்ஹோம் சென்றார். வைகறை ஐந்து மணிக்குப் பாடம் கேட்க அரசி விரும்பினார். நெடுநேரம் துயின்று பழகிய உடல் அக்கடுங்குளிரைத் தாங்கவில்லை. நுரையீரல் அழற்சியுற்று 1650ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், 53ஆம் வயதில் மறைந்தார்.

அச்சம் ஒரு நூலை மறைத்தது. ஆயினும் அறிவின் வழியை அடைக்க அதனால் இயலவில்லை. வரைபடத்தாளில் மாணவர் ஒருவர் புள்ளியிட்டுக் கோடு வரையும்போதெல்லாம் டெக்கார்ட்டின் சிந்தனை புத்துயிர் பெறுகிறது.