ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியின் பெயரில் ‘ஊட்டச்சத்து’ எப்படி வந்தது? - தங்கம் பிலிப்பின் கதை

சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியின் முழுப் பெயரை எப்போதாவது கவனிச்சிருக்கீங்களா? இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் டெக்னாலஜி அண்ட் அப்ளைடு நியூட்ரிஷன். முதல் இரண்டும் புரிகிறது. நட்சத்திர ஹோட்டலுக்கு ஆள் தயார் செய்யும் இடத்தில் ஊட்டச்சத்துக்கு என்ன வேலை?

இதற்குப் பதில் தேடிப் போனால், உணவுப் பற்றாக்குறை வாட்டிய ஒரு காலத்துக்கும், தங்கம் பிலிப் என்ற ஆசிரியைக்கும் போய்ச் சேர்வோம்.

யார் இவர்?

தங்கம் எலிசபெத் பிலிப் 1921-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். பட்டப்படிப்பு சென்னையில், மகளிர் கிறித்தவக் கல்லூரியில். பிறகு டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் ஆசிரியர் பயிற்சி. படித்த பெண் சமையலறையைத் தன் தொழிலாக எடுத்துக்கொள்வது அன்றைக்கு ரொம்ப அபூர்வம். பெண்களுக்குச் சமையல் வீட்டுக் கடமை. பெரிய ஹோட்டல் அடுப்படி ஆண்களின் இடம். இரண்டுக்கும் நடுவில், சமையலை ஒரு பாடமாகச் சொல்லித்தரும் வேலைக்கு வந்தார் தங்கம்.

பஞ்சத்தில் பிறந்த படிப்பு

1943-ல் வங்கப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைப் பலி கொண்டபோது அவருக்கு 22 வயது. சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. தானியத்துக்கு ரேஷன், வெளிநாட்டு இறக்குமதி என்றுதான் நாடு ஓடியது. 1950-ல் மத்திய உணவு அமைச்சரானவர் கே.எம். முன்ஷி. அவரது மனைவி லீலாவதி முன்ஷி முன்னின்று நடத்திய அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் கவுன்சில், ‘அன்னபூர்ணா’ என்ற பெயரில் உணவகங்களைத் தொடங்கியது. அரிசி, கோதுமையை மட்டும் நம்பாமல் மாற்று உணவுகளையும் மக்கள் சாப்பிடப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

மாற்று உணவை அறிமுகப்படுத்தினால் போதுமா? அதை ருசியாக, சத்து வீணாகாமல், நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்க ஆள் வேணுமே. இந்தத் தேவையின் தொடர்ச்சியாக, அதே கவுன்சில் 1954-ல் மும்பையில் ஒரு கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. இந்த வகையில் நாட்டின் முதல் கல்லூரி இதுதான். அதன் முதல்வராக நீண்ட காலம் இருந்து, ஒரு தலைமுறைக்கே பாடம் வகுத்தவர் தங்கம் பிலிப்.

‘கைப்பக்குவம்’ எப்படிப் பாடமானது?

அவருடைய பெயரை இன்றைக்கும் மாணவர்கள் சொல்வதற்குக் காரணம் ஒரு புத்தகம். 1960-களில் வெளிவந்த ‘மாடர்ன் குக்கரி ஃபார் டீச்சிங் அண்ட் த டிரேட்’. பெயரிலேயே விஷயம் இருக்கு: இது வகுப்பறைக்கும் தொழிலுக்குமான நூல். வீட்டுச் சமையல் குறிப்போடு நிற்காமல், பெரிய அளவில் சமைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது.

நாலு பேருக்கான குழம்பை 25 மடங்கு பெருக்கினால் 100 பேருக்கான குழம்பு வந்துவிடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றுகிற விகிதம் குறைவு. அதனால் தண்ணீரை அதே கணக்கில் ஊற்ற முடியாது. காரமும் உப்பும் அப்படித்தான், பார்த்துத்தான் கூட்டணும். வேகும் நேரமும் மாறும். கல்யாண வீட்டுச் சமையல்காரர்களுக்கு இது கைக்கணக்கு. அவர்களோடு வருஷக்கணக்கில் கூட நின்று பழகினால்தான் பிடிபடும். அந்தக் கணக்கைக் காகிதத்தில் ஏற்றினால், எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் படித்துச் சமையல்காரர் ஆகலாம். சமையல் ஒரு படிப்பாக மாறியதன் பெரிய விளைவு இதுதான்.

ஊட்டச்சத்துப் பாடமும் இதே மாதிரிதான். காய்கறியை நறுக்கிய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டால் வைட்டமின் சி கரைந்து போகும். அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் பி வைட்டமின்கள் போய்விடும். வீட்டில் இது சின்ன இழப்பு. தினமும் ஆயிரம் பேர் சாப்பிடும் ஹாஸ்டலிலோ ஆஸ்பத்திரியிலோ அப்படி இல்லை. அங்கே சாப்பிடுகிறவருக்கு வேறு சாப்பாடும் கிடையாது. அடுப்படியில் நிற்பவரின் கையில் அத்தனை பேரின் உடம்பும் இருக்கிறது.

அங்கீகாரமும் கடைசிக் காலமும்

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் ஆலோசகராகவும் இருந்தார் தங்கம். அந்த அமைப்பின் செரஸ் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. 1976-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. பேக்கிங், சைவ உணவு என மேலும் பல நூல்களை எழுதினார். ஓய்வுக்குப் பிறகும் கௌரவ முதல்வர் என்ற பெயரோடு கல்லூரியின் நினைவில் இருந்தார். 2009-ல் காலமானார்.

இப்போது ஏன் நினைக்கணும்?

1980-களில் இந்தப் படிப்பு சுற்றுலாத் துறையின் பக்கம் போனது. கப்பல் வேலை, ஸ்டார் ஹோட்டல், செஃப் கோட்டு என்பதுதான் இப்போது ஹோட்டல் மேனேஜ்மென்ட் என்றதும் மனசில் வரும் படம். அதில் தப்பில்லை. பல குடும்பங்களைத் தூக்கிவிட்ட வேலை அது. ஆனால் சத்துணவுக் கூடம், அரசு மருத்துவமனை, மாணவர் விடுதி எல்லாவற்றுக்கும் நல்ல சமையலறை தேவைதான். கல்லூரிப் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ‘அப்ளைடு நியூட்ரிஷன்’, இந்தப் படிப்பு முதலில் யாருக்காகத் தொடங்கியது என்பதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.