கேள்விக்கு அஞ்சாத ஆலிம்: மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்)

மார்க்கத்தைப் பற்றி யாராவது பொதுவெளியில் கேள்வி எழுப்பிவிட்டால், தடை செய், கைது செய் என்று குரல் கொடுப்பது நமக்குப் பழகிவிட்டது. நம் பிள்ளைகளே சந்தேகம் கேட்டாலும், ஈமான் போய்விடும் என்று அதட்டி உட்கார வைத்துவிடுகிறோம். 170 ஆண்டுகளுக்கு முன் ஆக்ராவில் நின்ற ஓர் ஆலிமை நாம் இப்போது நினைவுகூர்வது அவசியம்.

மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) 1818-ல் வட இந்தியாவின் கைரானாவில் பிறந்தார்கள். அது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி வலுப்பெற்று வந்த காலம். ஜெர்மானியப் பாதிரியார் கார்ல் ஃபாண்டர், இஸ்லாத்தை மறுத்து 'மீஸானுல் ஹக்' என்ற நூலை எழுதி, பாரசீகத்திலும் உருதுவிலும் பரப்பினார். ஆட்சியாளர்களின் மதத்தைச் சேர்ந்தவர் அவர். ஆட்சியை இழந்துகொண்டிருந்த சமுதாயம் நம்முடையது. மக்கள் கலங்கினார்கள்.

மௌலானா கலங்கவில்லை. எதிர்த்தரப்பின் நூல்களைத் தேடிப் படித்தார்கள். தமக்கு ஆங்கிலம் தெரியாத குறையை நண்பர் டாக்டர் முஹம்மது வஜீர் கான் தீர்த்து வைத்தார். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற அவர், பைபிளைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்களே எழுதியிருந்த ஆய்வு நூல்களைக் கொண்டு வந்திருந்தார்.

கடிதங்கள் மூலம் நிபந்தனைகள் முடிவாகி, 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஆக்ராவில் பகிரங்க விவாதம் நடந்தது. முந்தைய வேதங்கள் மாற்றப்பட்டது, அவற்றில் திரிபு நேர்ந்தது, திரித்துவம், நபி (ஸல்) அவர்களின் தூதுத்துவம், குர்ஆன் ஆகிய ஐந்தும் விவாதத் தலைப்புகள். கடைசி இரண்டையும் கவனியுங்கள். அவை நம் ஈமானின் ஆணிவேர்கள். அவற்றையும் சபையில் வைக்க மௌலானா சம்மதித்தார்கள். பிறர் நம்பிக்கையைக் கேள்வி கேட்க வருபவர், தம் நம்பிக்கை மீதான கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லவா?

விவாதம் முதல் இரண்டு தலைப்புகளைத் தாண்டவில்லை. பைபிளின் சில இடங்களில் பிரதிகள் வேறுபடுவதை ஃபாண்டர் ஒப்புக்கொண்டார். அதனால் அடிப்படைக் கொள்கை பாதிக்கப்படாது என்றும் வாதிட்டார். இரு தரப்பும் தத்தம் விவரங்களை அச்சிட்டு வெளியிட்டன. தீர்ப்பு படித்தவர்கள் கையில் விடப்பட்டது.

1857 கிளர்ச்சியில் மௌலானா பங்கெடுத்தார்கள். அதனால் தலைக்கு விலை வைக்கப்பட்டது, சொத்துகள் பறிமுதலாயின. தலைமறைவாகி மக்கா சென்று சேர்ந்தார்கள். 1864-ல் சுல்தான் அப்துல் அஜீஸ் இஸ்தான்புல்லுக்கு அழைத்து, விவாதத்தின் வாதங்களை நூலாக்கும்படி கேட்டுக்கொண்டார். அவ்வாறு அரபியில் எழுதப்பட்டதுதான் 'இள்ஹாருல் ஹக்'. அதே ஆண்டில் உஸ்மானிய அதிகாரிகள் அந்நகரில் பாதிரிமார்களின் புத்தகக் கடைகளை மூடினார்கள். இன்று அந்த உத்தரவை நினைப்பவர் யார்? நூலோ இன்றும் பல மொழிகளில் படிக்கப்படுகிறது.

பின்னர் கல்கத்தாவின் ஸவ்லத்துன்னிஸா பேகம் அளித்த நன்கொடையால் மக்காவில் மத்ரஸா ஸவ்லத்திய்யாவை நிறுவினார்கள். விவாதத்தில் வென்றவர் என்ற பெயரோடு நின்றுவிடாமல், பதில் சொல்லத் தெரிந்த தலைமுறையை உருவாக்கும் பணியில் இறங்கினார்கள். 1891-ல் மக்காவிலேயே வஃபாத்தானார்கள்.

பரிகாசமும் வசையும் வேறு, கேள்வி வேறு. முதலாவதை அலட்சியப்படுத்தலாம். கேள்விக்குப் பதில்தான் சொல்ல வேண்டும். அதற்கு நாம் முதலில் படிக்க வேண்டும். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி நம்மிடம் சந்தேகம் கேட்க வந்தால், அவரை அருகில் அமர்த்திக்கொள்வோம்.

சத்தியத்தை அறிவோடும் அழகிய முறையிலும் எடுத்துரைக்கும் ஆற்றலை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.