குதிரையின் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தவர்: எட்வர்ட் மைபிரிட்ஜ்

நம் வீடுகளில் கைப்பேசியில் வீடியோ பார்க்காதவர் இன்று அரிது. பேரப்பிள்ளை கார்ட்டூன் பார்க்கிறது, பாட்டி வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய வீடியோவைப் பார்க்கிறார். ஆனால் அந்தத் திரையில் உண்மையில் எந்தப் படமும் அசைவதில்லை. நொடிக்கு 24 அல்லது 30 அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. அவற்றை ஒரே அசைவாகச் சேர்த்துக்கொள்வது நம் கண்ணும் மூளையும்தான். இந்தக் கலைக்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். சாதனையும் குற்றமும் கலந்த அவருடைய வாழ்க்கையில் நமக்குப் படிப்பினைகள் உண்டு.

1830 ஏப்ரல் 9 அன்று இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டன் ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் மக்கரிட்ஜ். அந்தப் பெயரை அவரே சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டார். இருபது வயதையொட்டி அமெரிக்கா சென்று, சான் பிரான்சிஸ்கோவில் புத்தக வியாபாரம் செய்தார். 1860இல் டெக்சாஸ் வழியாகப் பயணம் செய்தபோது குதிரை வண்டி கவிழ்ந்து தலையில் பலத்த அடிபட்டது. சிகிச்சைக்காக இங்கிலாந்து திரும்பியவர், மீண்டும் அமெரிக்கா சென்றபோது புகைப்படக் கலைஞராக இருந்தார். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவர் எடுத்த படங்கள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன.

1872இல் லேலண்ட் ஸ்டான்போர்டு அவரை அழைத்தார். கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர், ரயில்வே அதிபர், பந்தயக் குதிரைகளில் பெரும் ஈடுபாடு கொண்டவர். அவருக்கு ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டியிருந்தது: குதிரை ஓடும்போது நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா? இதன்மீது அவர் பெரும் பந்தயம் கட்டினார் என்று சொல்லப்படும் கதைக்குச் சான்று இல்லை. ஆனால் கேள்வி உண்மையானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குதிரையோடு வாழ்ந்த மனிதனின் கண்ணுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. முன்னங்கால்கள் முன்னோக்கியும் பின்னங்கால்கள் பின்னோக்கியும் நீண்டிருக்க, குதிரை காற்றில் பறப்பதாகவே ஓவியர்கள் வரைந்து வந்தார்கள்.

அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் வாழ்க்கையில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. 1874இல் தம் கைக்குழந்தையின் புகைப்படம் ஒன்றை மைபிரிட்ஜ் பார்க்க நேர்ந்தது. அதன் பின்புறத்தில் மனைவியின் கையெழுத்தில் வேறொருவரின் பெயர் இருந்தது. மனைவிக்கும் ஹாரி லார்கின்ஸ் என்பவருக்கும் தொடர்பு இருப்பதாக அறிந்த அவர், அக்டோபர் 17 அன்று அந்த மனிதரைத் தேடிச் சென்று சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜூரிகள் அது நியாயமான கொலை என்று சொல்லி அவரை விடுவித்தார்கள். அவர் மத்திய அமெரிக்காவுக்குப் படமெடுக்கச் சென்றுவிட்டார். அங்கே இருந்தபோது மனைவி நோயுற்று இறந்தார். குழந்தை அனாதை விடுதியில் வளர்ந்தது. நீதிமன்றம் விட்டுவிட்டாலும், அந்தப் பிள்ளை இழந்ததை யாரும் திருப்பித் தரவில்லை.

பிறகு ஸ்டான்போர்டின் பாலோ ஆல்டோ குதிரைப் பண்ணையில் ஆய்வு தொடர்ந்தது. பாதையின் ஒரு பக்கம் 12 கேமராக்கள் வரிசையாக வைக்கப்பட்டன. எதிர்ப்பக்கம் வெள்ளைத் திரை. பாதையின் குறுக்கே சுமார் 27 அங்குலத்துக்கு ஒன்றாக நூல்கள் கட்டப்பட்டன. குதிரையின் கால் பட்டு நூல் இழுபட்டதும், மின்சாரத்தால் அந்தந்தக் கேமராவின் ஷட்டர் நொடியின் மிகச் சிறிய பங்கு நேரம் திறந்து மூடியது. 1878 ஜூனில் பத்திரிகையாளர்களை அழைத்து, அவர்கள் கண்ணெதிரே படமெடுத்து அங்கேயே கழுவிக் காட்டினார்கள். சாலி கார்ட்னர் என்ற குதிரை ஓடும்போது சேணத்தின் வார் அறுந்தது. அந்த அறுந்த வாரும் படத்தில் பதிந்திருந்தது. இது மோசடி அல்ல என்று நம்புவதற்கு அது ஒரு சாட்சியாக அமைந்தது.

விடையும் கிடைத்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பத்தான் செய்கின்றன. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல. வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கூடியிருக்கும்போது!

பிரித்து எடுத்த படங்களை மறுபடியும் ஓட வைத்தால் என்ன என்று மைபிரிட்ஜ் யோசித்தார். 1879இல் ஸூப்ராக்ஸிஸ்கோப் என்ற கருவியை உருவாக்கினார். வட்டமான கண்ணாடித் தட்டின் ஓரத்தில் படங்கள் வரிசையாக இருக்கும். அதற்கு எதிர்த்திசையில் துளைகள் கொண்ட இன்னொரு தட்டு சுழலும். பின்னாலிருந்து விளக்கொளி பாயும்போது ஒவ்வொரு படமும் ஒரு கணம் மட்டும் திரையில் தோன்றி மறையும். பார்ப்பவர்களுக்குக் குதிரை ஓடுவதாகவே தெரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் இருந்தவை நேரடிப் புகைப்படங்கள் அல்ல, அவற்றைப் பார்த்துக் கையால் வரைந்தவை. கருவி சுழலும்போது உருவங்கள் குறுகித் தெரிந்ததால், அவற்றை வேண்டுமென்றே நீட்டி வரைந்தார்கள். திரையில் உண்மையான ஓட்டம் தெரிவதற்காகப் படத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

1881இல் பாரிசிலும் 1882இல் லண்டனிலும் அறிஞர்களும் கலைஞர்களும் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் அதே 1882இல் ஸ்டான்போர்டின் ஆதரவில் இந்த ஆய்வு பற்றி ஒரு நூல் வெளியானது. ஆசிரியராக ஒரு மருத்துவரின் பெயர் இருந்தது. மைபிரிட்ஜ் வெறும் பணியாளராகக் குறிப்பிடப்பட்டிருந்தார். லண்டன் ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை வெளியிடும் முடிவைக் கைவிட்டது. ஸ்டான்போர்டு மீது அவர் தொடுத்த வழக்கும் தோற்றது. உழைத்தவனின் பெயரை மறைப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இது காட்டுகிறது.

அவர் சோர்ந்து போகவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் உதவியோடு மனிதர்களையும் விலங்குகளையும் படமெடுத்து, 1887இல் 781 தட்டுகள் கொண்ட பெரும் தொகுப்பை வெளியிட்டார். பிற்கால ஆய்வாளர்கள் அதில் ஒன்றைக் கண்டறிந்தார்கள். பல வரிசைகளில் விடுபட்ட படங்களுக்குப் பதில் வேறு படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன, வரிசையும் சில இடங்களில் மாற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு படமும் உண்மைதான். ஆனால் அடுக்கியது ஒரு மனிதக் கை.

1888இல் அவர் எடிசனைச் சந்தித்து, ஒலிக் கருவியையும் தம் கருவியையும் இணைப்பது பற்றிப் பேசினார். பின்னர் எடிசனின் நிறுவனம் படம் பார்க்கும் கருவியை உருவாக்கியது. 1895 டிசம்பரில் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். சினிமா பிறந்தது. மைபிரிட்ஜ் சொந்த ஊர் திரும்பி, 1904 மே 8 அன்று இறந்தார். தம் கருவியையும் தட்டுகளையும் கிங்ஸ்டன் ஊருக்கே விட்டுச் சென்றார். அவர் நினைவுக் கல்லில் பெயரைப் பிழையாகப் பொறித்துவிட்டார்கள்.

புகைப்படம் அவருக்கு உலகம் அறியாத உண்மையைக் காட்டியது. பின்புறம் பெயர் எழுதிய ஒரு புகைப்படமோ அவரைக் கொலை வரை கொண்டு சென்றது. இன்று நம் குடும்பக் குழுக்களுக்கு நாள்தோறும் துண்டு வீடியோக்கள் வந்து சேர்கின்றன. யாரோ ஒருவரின் மானம் அதில் இருக்கிறது. சில நேரம் ஓர் ஊரின் அமைதியே இருக்கிறது. படம் பொய் சொல்லாமலே இருக்கலாம். அதை வெட்டியவரும் வரிசைப்படுத்தியவரும் மேலே தலைப்பு எழுதியவரும் சொல்லக்கூடும். இதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது, இதை அனுப்பியவர் யார் என்று விசாரிக்காமல் நாம் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது. இந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் இப்போதே கற்றுக்கொடுப்போம்.