டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்



பெட்ரோல் பங்க்கில் லாரி டிரைவர் தினமும் சொல்லும் வார்த்தை அது. பஸ் கட்டணம் ஏறும்போதெல்லாம் பேப்பரில் வரும் வார்த்தையும் அதுதான். ஏதோ ஒரு எண்ணெயின் பெயர் என்றுதான் நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. உண்மையில் அது ஒரு ஆளோட பெயர். ருடால்ஃப் டீசல். நம்மைப் போலவே பாலிடெக்னிக்கில் படித்தவர். (ம்யூனிக் பாலிடெக்னிக் நம்ம டிப்ளமோ மாதிரி கிடையாது, பிற்காலத்தில் அது பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக ஆனது. இருந்தாலும் பெயர் பாலிடெக்னிக்தானே, சும்மா விடுவோமா!)

1858 மார்ச் 18-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா அம்மா இருவரும் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தியோடர் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலாளி, பிறகு சிறிய பட்டறை வைத்துத் தோல் சாமான்கள் செய்தார். சரக்கைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. நேரம் கிடைத்தால் தொழில் அருங்காட்சியகத்துக்கு ஓடிப் போய் அங்கிருந்த பழைய இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பானாம்.

1870-ல் பிரான்ஸுக்கும் ஜெர்மானியர்களுக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியதாகி, குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே சாப்பாட்டுக்கே கஷ்டம். ஆகவே பன்னிரண்டு வயசுப் பையனைத் தனியாக ரயிலேற்றி ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே உறவினர் ஒருவர் தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் வீட்டில் தங்கிப் படித்த பையன் 1873-ல் வகுப்பில் முதல் மாணவனாகத் தேறினான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1875-ல் ம்யூனிக் பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால் வீட்டில் சம்மதம் இல்லை. படிச்சது போதும், சம்பாதிக்கட்டும் என்பதுதான் பெற்றோர் எண்ணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான். பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு எங்க வீட்டிலும் இதே பேச்சுதான். கையில காசு இல்லாத வீட்டில் மூணு வருஷம் என்பது லேசான விஷயமா? டீசல் பெற்றோர் பேச்சை மீறி உதவித்தொகையை ஏற்றுக்கொண்டார்.

ம்யூனிக்கில் அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்சாதன இயந்திரத்தில் உலகப் புகழ் பெற்றவர். நீராவி எஞ்சினில் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை, மீதி எல்லாம் வீண் என்று லிண்டே வகுப்பில் விளக்கினார். பெஞ்சில் இருந்த எல்லோரும்தான் அதைக் கேட்டிருப்பார்கள். ஒருத்தர் மட்டும் அதை மண்டையில் ஏற்றிக்கொண்டு பதினைந்து வருஷம் சுமந்தார்.

1879-ல் பரீட்சை நேரத்தில் டைஃபாய்டு வந்துவிட்டது. அடுத்த பரீட்சை வரும்வரை ஸ்விட்சர்லாந்தில் சுல்ஸர் கம்பெனியில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு தேறினார். பிறகு லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலை வேலைக்காகப் பாரிஸ் போனார். 1883-ல் மார்த்தாவைத் திருமணம் செய்தார். மூன்று பிள்ளைகள். நடுவில் அம்மோனியா ஆவியில் ஓடும் எஞ்சின் ஒன்றைச் செய்து பார்த்து, அது வெடித்துப் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

1892-ல் புது எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு எழுதினார், மறு வருஷம் கிடைத்தது. யோசனை ரொம்ப எளிமை. சைக்கிள் பம்ப்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சூடாகும் இல்லையா? அதுபோல சிலிண்டருக்குள் வெறும் காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால், தீப்பொறியே இல்லாமல் எண்ணெய் பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது சூடாகிவிடும். ஸ்பார்க் பிளக் வேண்டாம். பெரிய முதலாளிகளின் ராட்சத நீராவி எஞ்சினோடு போட்டி போட முடியாமல் நசுங்கிக்கொண்டிருந்த சின்னப் பட்டறைக்காரர்களுக்கு இது உதவும் என்பதும் அவர் கனவு. அப்பாவின் பட்டறை ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

பேப்பரில் எழுதியது எளிமை, இரும்பில் செய்வதுதான் கஷ்டம். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் க்ரூப் கம்பெனியும் பணம் போட்டன. 1893 ஆகஸ்ட் 10-ஆம் தேதி முதல் சோதனை. எஞ்சினைத் தொழிற்சாலையின் பெல்ட்டால் சுற்ற வைத்து எண்ணெயை விட்டார்கள். படார் என்று வெடித்து, அழுத்தம் காட்டும் கருவி சிதறித் தலைக்கு மேலே பறந்தது. உயிர் தப்பியதே அதிர்ஷ்டம். டீசலுக்கோ சந்தோஷம்! தீப்பொறி இல்லாமல் எண்ணெய் பற்றியது என்பது நிரூபணமாகிவிட்டதே.

எஞ்சினைப் பிரித்தார்கள், மாற்றினார்கள், மறுபடி பூட்டினார்கள். 1894 பிப்ரவரி 17-ஆம் தேதி வழக்கம்போல பெல்ட் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தது. லிண்டர் என்ற மெக்கானிக் பெல்ட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். திடீரென்று பெல்ட்டின் இறுக்கம் மாறியது. பெல்ட் எஞ்சினை இழுக்கவில்லை, எஞ்சின்தான் பெல்ட்டை இழுக்கிறது! அவர் ஒன்றும் பேசாமல் தலைத் தொப்பியைக் கழற்றினார். அந்த ஓட்டம் ஒரு நிமிஷம்தான். உலகத்தின் முதல் டீசல் எஞ்சின் ஓடியதை முதலில் கண்டுகொண்டது அதன் தகப்பன் இல்லை, ஒரு ஃபிட்டர். இதை நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்று நம்ம பசங்களுக்குப் புரியும்.

அடுத்த தலைவலி எண்ணெயை உள்ளே செலுத்துவது. அந்தக் காலத்துப் பம்ப்புகளால் முடியவில்லை. கடைசியில் தனி கம்ப்ரஸர் வைத்து, அழுத்திய காற்றோடு எண்ணெயைச் சீறி அடிக்கச் செய்தார். இங்கேதான் கேம் ஷாஃப்ட் வருகிறது. சிவில், எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்காக ஒரு வரி: ஒரு தண்டு, அதன்மேல் முட்டை வடிவ மேடுகள், தண்டு சுற்றும்போது மேடு வந்து வால்வை அமுக்கித் திறக்கும். டீசலின் எஞ்சினில் காற்று வரும் வால்வு, புகை போகும் வால்வு மட்டுமல்ல, எண்ணெய் சீறும் ஊசி வால்வையும் கேம்தான் திறந்தது. மேடு கொஞ்சம் தேய்ந்தாலோ, நேரம் பிசகினாலோ எல்லாமே கெட்டுப் போகும்.

பழைய டீசல் கார் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் கழற்றும்போது அவருடைய யோசனை நம்ம கையிலேயே தட்டுப்படும். உதாரணத்துக்கு 1973-ல் வந்த மெர்சிடிஸ் 240 டி. அழுத்த விகிதம் 21-க்கு 1. அதாவது பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் இடமே கிடையாது. டைமிங் தவறினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதனால் முதல் சிலிண்டரை டாப் சென்டரில் நிறுத்தி, கேம் ஷாஃப்ட்டில் உள்ள அடையாளக் கோடு தாங்கியின் கோட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரையே எடுக்கணும். செயின் டென்ஷனரைக் கழற்றணும். செயினைக் கம்பியால் கட்டி வைக்கணும், கீழே நழுவினால் அதே செயினில் ஓடும் எண்ணெய்ப் பம்ப்பின் டைமிங்கும் போச்சு. ராக்கர்களை எந்த வரிசையில் எடுத்தோமோ அதே வரிசையில் அடுக்கணும். கேம் மேடு தேய்ந்திருந்தால் அதோடு உரசிய ராக்கரையும் சேர்த்தே மாற்றணும். புது கேமில் பழைய ராக்கரைப் போட்டால் புதுசும் சீக்கிரமே தேயும். மேலே ஆயில் வரும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் மூடக் கூடாது, தேய்மானத்துக்குக் காரணமே பல சமயம் அதுதான். டாப்பெட் இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, இன்லெட்டுக்கு 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.30 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும், அதனால்தான் அதற்கு அதிகம். எல்லாம் பூட்டியதும் ஸ்டார்ட்டரைத் தொடாமல் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கணும். எங்கேயாவது தட்டினால் அங்கேயே நிறுத்தணும். கிராங் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று என்பது பரீட்சைக்கும் வரும்.

1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் டீசலின் எஞ்சினைச் சோதித்தார். திறன் 26.2 சதவீதம்! சாதாரண நீராவி எஞ்சின் பத்தைத் தொடவே திணறிய காலம் அது. ஒரே வருஷத்துக்குள் டீசல் கோடீஸ்வரர். அமெரிக்க உரிமையை மட்டும் அடால்ஃபஸ் புஷ் என்பவர் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். 1900 பாரிஸ் கண்காட்சியில் பெரிய பரிசு. அங்கே ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது.

ஆனால் ஆரம்பத்தில் விற்ற எஞ்சின்கள் அடிக்கடி படுத்துக்கொண்டன. காப்புரிமை வழக்குகள் வேறு. ம்யூனிக்கில் அரண்மனை மாதிரி வீடு கட்டினார், நிலத்தில் பணம் போட்டு நஷ்டப்பட்டார். 1903-ல் தொழிலாளர்களே கூட்டாகத் தொழிற்சாலை நடத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எஞ்சினைவிட அதைத்தான் பெரிதாக நினைத்தார். சில நூறு பிரதிகள்தான் விற்றன. கணக்கில் புலி, காசுக் கணக்கில் கோட்டை விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் எஞ்சினோடு கடல் கடந்தது. சின்னப் பட்டறைக்காக நினைத்தது பெரிய கப்பலுக்குப் போய்விட்டது. கம்ப்ரஸரின் கனத்தால் காருக்கு மட்டும் ஏற்ற முடியவில்லை. பாஷ் கம்பெனியின் பம்ப் 1927-ல் வந்த பிறகுதான் வழி பிறந்தது. அந்தப் பம்ப்புக்குள்ளேயும் ஒரு குட்டி கேம் ஷாஃப்ட் உண்டு. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி பெர்லின் கண்காட்சிக்கு வந்தது. டீசல் அதைப் பார்க்கவில்லை.

1913 செப்டம்பர் 29 மாலை, லண்டனில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்காக ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற நீராவிக் கப்பலில் ஏறினார். இரவு சாப்பாடு முடித்து, காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவே இல்லை. கப்பலின் பின்புறக் கம்பி அருகே அவருடைய தொப்பியும் மடித்து வைத்த கோட்டும் இருந்தன. பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் மிதந்த உடலைக் கண்டார்கள். சட்டைப் பையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி போன்றவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அவை அப்பாவுடையவைதான் என்று மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார்.

புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். மார்த்தா திறந்தபோது உள்ளே ரொக்கப் பணம் இருந்தது. பாங்க் கணக்குகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆய்கன் பிறகு எழுத்தாளர் ஆனார். 1937-ல் அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.